ஆக்சிஜன் இறங்கும் இடத்தில் சோடியம் ஏறும்

ஆனி, ஆடி மாத இரவுகளில் தெற்கே பார்த்தால் விருச்சிக ராசியின் நடுவில் செக்கச்சிவந்த விண்மீன் ஒன்று தெரியும். அதுதான் கேட்டை. அதற்குச் சற்று மேற்கே, ஒன்றரைப் பாகைக்கும் குறைவாகத் தள்ளி, பைனாகுலர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு வெண்மையான மங்கல் திட்டு ஒன்று அகப்படும். அதன் பெயர் எம்4. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றுவது நம் கண்ணுக்குத்தான். கேட்டை சில நூறு ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. எம்4 ஏறக்குறைய 6,000 ஒளியாண்டுத் தொலைவில். அந்தத் திட்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் ஒன்றின் ஈர்ப்பில் ஒன்று கட்டுண்டு உருண்டையாகத் திரண்டிருக்கின்றன. இப்படிப்பட்ட கூட்டத்துக்குக் கோளக் கொத்து என்று பெயர். நம் பால்வழியில் 150-க்கும் மேற்பட்ட கோளக் கொத்துகள் தெரியவந்துள்ளன. பெரும்பாலானவற்றின் வயது 1,000 கோடி ஆண்டிலிருந்து 1,300 கோடி ஆண்டுவரை. நம் சூரியனுக்கு 460 கோடி ஆண்டுதான் ஆகிறது.

நெடுங்காலம் வானியல் பாடநூல்கள் கோளக் கொத்தை மிக எளிமையான ஒரு பொருளாகவே சொல்லிவந்தன. ஒரே வாயு மேகம் சுருங்கியது. அதிலிருந்து ஒரே சமயத்தில் எல்லா விண்மீன்களும் பிறந்தன. ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே வயது, ஒரே வேதியியல், நிறை மட்டும்தான் வேறு. விண்மீன் எப்படி மூப்படைகிறது என்ற கணக்குகளைச் சரிபார்க்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது என்று நினைத்தார்கள். இரும்பை மட்டும் அளந்தால் அந்த நினைப்பு இன்றும் பெரும்பாலும் சரிதான். ஒரு கொத்துக்குள் ஒரு விண்மீனுக்கும் இன்னொன்றுக்கும் இரும்பின் அளவு பொதுவாகப் பத்து சதவீத அளவுக்குமேல் மாறுவதில்லை. ஆனால் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், சோடியம், மெக்னீசியம், அலுமினியம் ஆகிய இலேசான தனிமங்களை அளந்தால் ஒரே கொத்துக்குள் விண்மீனுக்கு விண்மீன் பல மடங்கு வேறுபாடு. அந்த வேறுபாடும் தாறுமாறாக இல்லை. ஆக்சிஜன் குறைந்த விண்மீனில் சோடியம் கூடியிருக்கிறது. கார்பன் குறைந்ததில் நைட்ரஜன் கூடியிருக்கிறது. சில கொத்துகளில் மெக்னீசியம் குறைந்ததில் அலுமினியம் கூடியிருக்கிறது.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வானியலாளர்களை அரை நூற்றாண்டாக விடாமல் பிடித்திருக்கிறது. கேள்வியின் ஒரு பாதிக்குத் தெளிவான விடை கிடைத்துவிட்டது. அந்தப் பாதியைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். மனிதர்கள் ஒரு சந்தேகத்தை எப்படிப் படிப்படியாக அறுத்து முடிவுக்கு வருகிறார்கள் என்பதற்கு அறிவியலில் இதைப்போல் அழகான வழக்கு அதிகம் இல்லை.

ஒரு விண்மீனில் என்ன இருக்கிறது என்பதை அதன் ஒளியைப் பிரித்துத்தான் அறிகிறோம். ஒளி விண்மீனின் மேல் அடுக்கைக் கடந்து வெளியே வரும்போது அங்கிருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடும். நிறமாலையில் அந்த இடங்கள் கறுத்த கோடுகளாகத் தெரியும். கோடு எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று அளந்து, விண்மீனின் வெப்பநிலையையும் ஈர்ப்பையும் கணக்கில் எடுத்தால் தனிமத்தின் அளவு கிடைக்கும். ஆனால் ஒளியை இவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பதற்கு ஒளி நிறைய வேண்டும். கோளக் கொத்துகளோ தொலைவில் இருப்பவை. சூரியனைப் போன்ற சாதாரண விண்மீன்கள் அங்கே மிக மங்கல். அதனால்தான் முதலில் செம்பெருமீன்களைப் பிடித்தார்கள். நடுவிலிருந்த ஹைட்ரஜன் தீர்ந்துபோய், ஊதிப் பெருத்து, சிவந்து, பழைய ஒளியைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு பிரகாசிக்கும் முதிய விண்மீன்கள் அவை. கொத்தின் வேதியியல் பற்றிய பழைய செய்தி எல்லாம் செம்பெருமீன்கள் தந்த செய்திதான். பின்னால் வந்த வழக்குக்கும் அதுவே காரணம்.

ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில், 20,000 ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள எம்13 கொத்தை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் உள்ள லிக் ஆய்வகத்தின் 3 மீட்டர் ஷேன் தொலைநோக்கியால் 1990-களில் ராபர்ட் கிராஃப்ட், கிறிஸ்டோபர் ஸ்னீடன் ஆகியோரின் குழு அதன் செம்பெருமீன்களை ஒவ்வொன்றாக அளந்தது. ஏறக்குறைய ஒரே வெப்பநிலையும் ஒரே பிரகாசமும் கொண்ட இரண்டு செம்பெருமீன்களின் நிறமாலையை மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள். இரும்புக் கோடுகள் இரண்டிலும் அப்படியே பொருந்துகின்றன. கண்ணை 6,300 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தின் பக்கம் நகர்த்தினால் ஆக்சிஜனின் மெல்லிய கோடு ஒன்று இருக்க வேண்டும். மேலே உள்ளதில் இருக்கிறது. கீழே உள்ளதில் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டியிருக்கிறது. இப்போது 5,680 ஆங்ஸ்ட்ராம் பக்கம் போனால், அங்குள்ள சோடியக் கோடுகள் கீழே உள்ளதில் நன்றாகத் தடித்திருக்கின்றன, மேலே உள்ளதில் மெலிந்திருக்கின்றன. எம்13-இன் சில செம்பெருமீன்களில் ஆக்சிஜன் மற்றவற்றில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

அந்த 6,300 ஆங்ஸ்ட்ராம் கோட்டை அளப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. பூமியின் மேல் வளிமண்டலத்தில் உள்ள ஆக்சிஜனும் இரவெல்லாம் அதே அலைநீளத்தில் மிக மங்கலாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. துருவப் பகுதிகளில் சிவப்பு நிறத்தில் தெரியும் ஒளிக்கோலமும் இதே கோடுதான். விண்மீனின் கோடு கறுப்பு, வானத்தின் கோடு வெளிச்சம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் அளவு கெட்டுவிடும். எம்13-இல் அந்தத் தொல்லை இல்லை. அந்தக் கொத்து நொடிக்கு ஏறக்குறைய 245 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதால் அதன் கோடுகள் எல்லாம் 5 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நீலப் பக்கம் நகர்ந்து நிற்கின்றன.

லிக் குழுவுக்கு வெகு முன்பே அறிகுறிகள் தென்படத் தொடங்கிவிட்டன. கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சயனோஜன் மூலக்கூறின் பட்டை எம்13-இன் ஒரு செம்பெருமீனில் மட்டும் வழக்கத்துக்கு மாறாக வலுத்திருப்பதை 1947-இல் டேனியல் பாப்பர் எழுதினார். 1971-இல் வேய்ன் ஆஸ்போர்ன் வேறு இரண்டு கொத்துகளில் அதைப் போன்றவற்றைக் கண்டார். 1978-இல் ஜூடித் கோஹன் எம்3, எம்13 இரண்டிலும் சோடியம் விண்மீனுக்கு விண்மீன் மாறுவதை அளந்தார். 1979-இல் ஜான் நோரிஸும் கென் ஃப்ரீமனும் 47 டுகானே கொத்தின் செம்பெருமீன்கள் சயனோஜனில் இரண்டு கூட்டமாகப் பிரிவதைக் காட்டினார்கள். இவர்களில் யாருக்கும் விதிவிலக்கான ஓரிரு விண்மீன் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டது கொத்தின் பெரும்பகுதி. அது புரிய இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று.

உள்ளே நடந்ததா, பிறவியிலேயே வந்ததா

இலேசான தனிமங்கள் இப்படி எதிரெதிராக மாற என்ன தேவை என்பது பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஹைட்ரஜன் மிகுந்த சூட்டில் எரிய வேண்டும், அவ்வளவுதான். ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும் வழிகளில் ஒன்றில் கார்பனும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் வினையூக்கிகளாகச் சுற்றிவருகின்றன. அந்தச் சுற்றில் நைட்ரஜன் அடுத்த நிலைக்குப் போவதுதான் மிக மெதுவான படி. ஆகவே சுற்று ஓடஓடப் பொருள் நைட்ரஜனில் வந்து தேங்கும். ஒன்றரை, இரண்டு கோடி பாகை சூட்டில் கார்பன் நைட்ரஜனாகும். நான்கு கோடி பாகையை நெருங்கினால் ஆக்சிஜனும் நைட்ரஜனாகத் தொடங்கும். அதே சூட்டில்தான் நியான் புரோட்டான்களைப் பிடித்துச் சோடியமாகிறது. டெனிசென்கோவ், டெனிசென்கோவா என்ற இரு ரஷ்ய ஆய்வாளர்கள் 1990-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியபோது, ஆக்சிஜன் இறங்கும் இடத்தில் சோடியம் ஏன் ஏறுகிறது என்பது விளங்கிவிட்டது. ஏழு கோடி பாகையைத் தாண்டினால் மெக்னீசியமும் அலுமினியமாகும். பல கொத்துகளில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றையும் கூட்டினால் தொகை விண்மீனுக்கு விண்மீன் அதிகம் மாறுவதில்லை. புதிதாக எதுவும் சேரவில்லை, இருந்ததே உருமாறியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

ஆக, கேள்வி எங்கே எரிந்தது என்பதுதான். நாம் பார்க்கும் அதே செம்பெருமீனின் உள்ளேயா? அல்லது அது பிறப்பதற்கு முன்பே வேறொரு விண்மீனின் உள்ளேயா?

முதல் பதில் மிக இயல்பானது. செம்பெருமீனின் நடுவில் ஹீலியக் கரு இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் கடும் சூட்டில் எரிகிறது. அதற்கு மேலே பிரமாண்டமான உறை. அதில் வாயு வெப்பச்சலனத்தால் மேலும் கீழும் புரண்டுகொண்டே இருக்கிறது. விண்மீன் ஊதிப் பெருக்கும்போது இந்தப் புரட்டல் ஆழமாக இறங்கி, முன்பு உள்ளே எரிந்து மாறிய பொருளை மேலே கொண்டுவரும். ரசத்தைக் கரண்டியால் அடிவரை கலக்கினால் மண்டி மேலே வருவதுபோல. வழக்கமான கணக்குகளின்படி இந்தப் புரட்டல் ஆக்சிஜன் எரியும் ஆழத்துக்குப் போகாது. ஆனால் விண்மீன் சுழல்வதால் உண்டாகும் மெதுவான வாயு ஓட்டங்கள் இன்னும் கீழே இறங்கக்கூடும் என்று 1979-இல் ஆலன் ஸ்வைகார்ட்டும் ஜான் மெங்கலும் காட்டினார்கள். ஆழமான கலப்பு என்ற அந்தக் கருத்து இருபது ஆண்டு செல்வாக்கோடு இருந்தது.

அது வெறும் ஊகமாகவும் இருக்கவில்லை. எம்92 போன்ற கொத்துகளில் செம்பெருமீன் பிரகாசம் கூடக்கூட அதன் மேற்பரப்பில் கார்பன் படிப்படியாகக் குறைவதை 1980-களின் தொடக்கத்திலேயே அளந்துவிட்டார்கள். இன்னொரு சான்று கார்பனின் இரு ஐசோடோப்புகள். சூரியனில் ஒரு கார்பன்-13-க்கு ஏறக்குறைய 90 கார்பன்-12 இருக்கிறது. முதிர்ந்த செம்பெருமீன்களில் இந்த விகிதம் நான்கு, ஆறு என்ற அளவுக்கு விழுந்துவிடுகிறது. அந்தக் கார்பன் கடும் சூட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது என்பதில் ஐயமே இல்லை. கார்பனைப் பொறுத்தவரை செம்பெருமீன் தன் உள்ளே இருந்ததைத் தானே மேலே கொண்டுவருகிறது. இன்றும் இது சரி.

சோடியத்திலும் ஆக்சிஜனிலும்தான் கணக்கு இடித்தது. கொத்துகளுக்கு வெளியே, பால்வழியின் ஒளிவட்டப் பகுதியில் தனித்துத் திரியும் பழைய செம்பெருமீன்களும் உண்டு. அதே வயது, அதே நிறை, அதே இரும்புக் குறைவு. ரஃபேல் கிராட்டனின் குழு 2000-இல் அவற்றை அளந்து வெளியிட்டது. அவற்றிலும் கார்பன் குறைகிறது, லித்தியம் அழிகிறது. ஆனால் ஆக்சிஜன் அசையவில்லை, சோடியமும் அசையவில்லை. உள்ளே நடக்கும் கலப்புதான் காரணம் என்றால், கொத்துக்குள் இருக்கும் செம்பெருமீன் மட்டும் எப்படி ஆழமாகக் கலக்கும்? அதோடு மெக்னீசியம். சூரியனின் நிறையில் 0.8 பங்கே உள்ள இந்தச் சிறிய செம்பெருமீன்களின் எரியும் ஓடு, மெக்னீசியத்தை அலுமினியமாக்கும் சூட்டை எட்டுவதே இல்லை. ஆனாலும் சில கொத்துகளில் மெக்னீசியம் குறைந்திருக்கிறது.

சந்தேகத்தைத் தீர்க்க நேரான வழி ஒன்று இருந்தது. இன்னும் செம்பெருமீன் ஆகாத விண்மீனை அளந்து பார்ப்பது. முதன்மைத் தொடரில், அதாவது நடுவில் இன்னும் ஹைட்ரஜனை எரிக்கும் பருவத்தில், இருக்கும் சிறு விண்மீனில் சோடியம் உண்டாகும் சூடு நடுவிலும் கிடையாது. நடுவில் இருப்பதை மேலே கொண்டுவரும் ஆழமான புரட்டலும் கிடையாது. அதன் மேற்பரப்பில் இருப்பது பிறப்பில் கிடைத்தது. 47 டுகானேயின் அத்தகைய விண்மீன்களில் சயனோஜன் வேறுபாடு தெரிகிறது என்பதை 1970-களின் இறுதியிலிருந்தே ஜேம்ஸ் ஹெஸரும் மற்றவர்களும் சொல்லிவந்தார்கள். ஆனால் அது மூலக்கூறுப் பட்டையை வைத்துச் சொன்னது. ஆக்சிஜனையும் சோடியத்தையும் தனித்தனிக் கோடுகளாக அளக்க அன்றைய தொலைநோக்கிகளுக்குச் சக்தி போதவில்லை.

சிலி நாட்டின் பரனால் மலையில் 8.2 மீட்டர் ஆடி கொண்ட பெருந்தொலைநோக்கிகள் எழுந்த பிறகு அந்தச் சக்தி வந்தது. கிராட்டனின் குழு 13,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள என்ஜிசி 6752 கொத்தை எடுத்தது. முதன்மைத் தொடரை விட்டுக் கிளம்பும் கட்டத்தில் உள்ள விண்மீன்களையும் அதற்குச் சற்று அடுத்த கட்டத்தில் உள்ளவற்றையும் நிறமாலைமானியில் நீண்ட நேரம் பதிவுசெய்தது. 2001-இல் முடிவு வெளியானது. செம்பெருமீன்களில் பார்த்த அதே கோலம் அங்கேயும் இருந்தது: ஆக்சிஜன் இறங்கிய விண்மீனில் சோடியம் ஏறியிருந்தது, மெக்னீசியத்துக்கும் அலுமினியத்துக்கும் அதே உறவு. தன் உள்ளே சோடியம் சமைக்க வழியே இல்லாத ஒரு விண்மீன் சோடியத்தைச் சுமந்து நின்றது. வேறெங்கோ எரிந்த பொருள் அதற்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது அடுத்த படி. ஒருவர் இப்படி மறுக்கலாம்: விண்மீன் வழக்கம்போலத்தான் பிறந்தது, பிறகு அக்கம்பக்கத்து முதிய விண்மீன்கள் வெளியே தள்ளிய வாயு அதன்மேல் படிந்தது, ஆகவே மாசு மேற்பூச்சுதான். மறுப்பு நியாயமானது. அதற்குப் பதில் செம்பெருமீன்களிடமே இருந்தது. முதன்மைத் தொடரை விட்டுக் கிளம்பும் பழைய விண்மீனில் வெப்பச்சலனம் நடக்கும் மேலடுக்கு மிக மெல்லியது. மொத்த நிறையில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அதே விண்மீன் செம்பெருமீன் ஆகும்போது அந்த அடுக்கு ஆழ்ந்து இறங்கி, பாதிக்கும் மேற்பட்ட நிறையைப் புரட்டிக் கலந்துவிடும். மேற்பூச்சாக இருந்தால் அந்தக் கலக்கலில் சோடியம் கரைந்து காணாமல் போயிருக்கும். செம்பெருமீன்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகியிருக்கும். அப்படி ஆகவில்லை. சிறு விண்மீன்களில் இருக்கும் அதே அளவு வேறுபாடு செம்பெருமீன்களிலும் குறையாமல் தொடர்கிறது. ஆகவே மாசு மேலே மட்டும் இல்லை, விண்மீனின் உடல் முழுவதும் இருக்கிறது. அந்த விண்மீன் மாசு கலந்த வாயுவிலிருந்தே பிறந்திருக்கிறது.

இரண்டாவது தலைமுறை

இதை ஒப்புக்கொண்டால் ஒரு விளைவையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹைட்ரஜன் எரிந்துதான் சோடியம் வந்தது என்றால் ஹைட்ரஜன் எரிந்த சாம்பலான ஹீலியமும் கூடவே வந்திருக்க வேண்டும். செம்பெருமீனின் குளிர்ந்த மேற்பரப்பில் ஹீலியம் சாதாரணமாகக் கோடு காட்டாது. ஆனால் அது தன்னை வேறு விதமாக வெளிக்காட்டிக்கொள்ளும். ஹீலியம் கூடிய விண்மீன் அதே பிரகாசத்தில் கொஞ்சம் கூடுதல் சூடாக, நீலம் கலந்து இருக்கும்.

2004-இல் ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களைக் கொண்டு லூய்ஜி பெடினும் உடன் பணிபுரிந்தவர்களும் ஒமேகா செண்டாரி கொத்தின் விண்மீன்களை நிறத்துக்கும் பிரகாசத்துக்கும் எதிராகப் புள்ளி வைத்தபோது, ஒரே கோடாக இருக்க வேண்டிய முதன்மைத் தொடர் இரண்டு கோடுகளாகப் பிரிந்து நின்றது. மறு ஆண்டு ஜாம்பவுலோ பியோட்டோவின் குழு நிறமாலை எடுத்தபோது வியப்பு கூடியது. நீலப் பக்கம் இருந்த விண்மீன்களில் இரும்பு அதிகம். இரும்பு கூடினால் விண்மீன் சிவப்புப் பக்கம் போக வேண்டும். இது நேர்மாறாக இருக்கிறது. ஹீலியத்தைச் சாதாரணமான 25 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 38 சதவீதத்துக்கு உயர்த்தினால் மட்டுமே கணக்கு ஒத்துவந்தது. 2007-இல் என்ஜிசி 2808 கொத்தில் முதன்மைத் தொடர் மூன்றாகப் பிரிந்தது. ஒரே வயது, ஒரே வேதியியல் என்று பாடநூல் சொன்ன கொத்து அன்றோடு முடிந்தது.

பெருந்தொலைநோக்கியின் ஃப்ளேம்ஸ் கருவி ஒரே சமயத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விண்மீன்களின் நிறமாலையைப் பதிவுசெய்யும். அதைக் கொண்டு யூஜினியோ கரெட்டாவின் குழு 15 கொத்துகளில் 1,400-க்கும் மேற்பட்ட செம்பெருமீன்களை அளந்து 2009-இல் வெளியிட்டது. பார்த்த கொத்து ஒவ்வொன்றிலும் ஆக்சிஜன்–சோடியம் எதிருறவு இருந்தது. ஆக்சிஜன் நிறைந்து சோடியம் குறைந்த, பழைய வேதியியல் கொண்ட விண்மீன்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் மாசு ஏறியவை. முன்னவற்றை முதல் தலைமுறை என்றும் பின்னவற்றை இரண்டாம் தலைமுறை என்றும் சொல்வது வழக்கமாகிவிட்டது. பின்னர் ஹப்பிளின் புறஊதா வடிகட்டிகளைக் கொண்டு அன்டோனினோ மிலோனேயின் குழு 57 கொத்துகளை ஆராய்ந்தபோது ஒரு போக்கு தெளிவாயிற்று: கொத்து எவ்வளவு பெரியதோ, அதில் முதல் தலைமுறையின் பங்கு அவ்வளவு குறைவு, ஹீலியம், நைட்ரஜன் வேறுபாடு அவ்வளவு அதிகம். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் 2015-இல் அனுப்பிய புறஊதாத் தொலைநோக்கியும் ஒமேகா செண்டாரி, என்ஜிசி 2808 போன்றவற்றைப் படம் எடுத்திருக்கிறது. ஹீலியம் கூடிய விண்மீன்கள் செம்பெருமீன் பருவத்தைத் தாண்டியபின் மிகுந்த சூடாகிப் புறஊதாவில் பளிச்சிடும் என்பதால் அவற்றைத் தேட அந்தத் தொலைநோக்கி பொருத்தமானது.

ஒமேகா செண்டாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பால்வழியின் மிகப் பெரிய கோளக் கொத்து இது; சூரியனைப்போல் ஏறக்குறைய 40 லட்சம் மடங்கு நிறை. லண்டனிலோ பாரிஸிலோ இருப்பவர்களுக்கு அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. தமிழ்நாட்டிலோ மே மாத இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தென்வானில் 30 பாகை உயரத்தில், இருட்டான ஊராக இருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். இரும்பு மாறாது என்ற விதிக்கு இது பெரிய விலக்கு. இதன் செம்பெருமீன்களுக்குள் இரும்பின் அளவு பத்து மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. இரும்பு சூப்பர்நோவா வெடிப்பில் வருவது. வெடித்த பொருள் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். சாதாரணக் கொத்தின் ஈர்ப்பால் அதைப் பிடித்துவைக்க முடியாது. பிடித்துவைத்திருக்கிறது என்றால் ஒமேகா செண்டாரி ஒருகாலத்தில் பெரிய ஒன்றின் நடுவில் இருந்திருக்க வேண்டும். பால்வழி விழுங்கிய ஒரு குறும் விண்மீன் மண்டலத்தின் எஞ்சிய மையம் இது என்பதே இன்று பரவலான கருத்து.

சமைத்தது யார்

கேள்வியின் மற்றப் பாதி இன்னும் திறந்தே கிடக்கிறது. இரண்டாம் தலைமுறைக்கு மாசைக் கொடுத்த விண்மீன்கள் எவை?

பழைய வேட்பாளர் சூரியனைப்போல் 4 முதல் 8 மடங்கு நிறையுள்ள விண்மீன்கள். பீட்டர் காட்ரெல்லும் கேரி டா கோஸ்டாவும் 1981-லேயே இந்தப் பக்கம் கைகாட்டினார்கள். வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இவற்றின் உறையின் அடிப்பகுதி 10 கோடி பாகை அளவுக்குச் சூடேறி, சோடியமும் அலுமினியமும் அங்கேயே உண்டாகும். வெளியேறும் வாயுவும் மெதுவாக, நொடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும். கொத்தால் அதைத் தக்கவைத்துக்கொள்ள முடியும். குறை என்னவென்றால், இவ்விண்மீன்கள் தரும் பொருளில் ஆக்சிஜனும் சோடியமும் சேர்ந்தே ஏறி இறங்கும். நாம் பார்க்கும் எதிருறவு வர வேண்டுமானால் புதிய தூய வாயு சரியான அளவில் வந்து கலக்க வேண்டும். இரண்டாவது வேட்பாளர், வேகமாகச் சுழன்று தன் பொருளை இடுப்பிலிருந்து வீசும் பெருநிறை விண்மீன்கள். இரட்டையாகச் சுற்றும் பெருநிறை விண்மீன்களையும் சொல்கிறார்கள். 2014-இல் டெனிசென்கோவும் ஹார்ட்விக்கும் முன்வைத்தது இன்னும் துணிச்சலானது: சூரியனைப்போல் பத்தாயிரம் மடங்கு அளவுக்கு நிறையுள்ள ஒற்றை மாபெரும் விண்மீன், கொத்தின் நடுவில், விண்மீன்கள் மோதி ஒன்றாகி உருவானது. மெக்னீசியம் எரியும் சூடு அதன் நடுவில் இயல்பாகவே இருக்கும்.

எல்லா வேட்பாளர்களையும் ஒரே கணக்கு மடக்குகிறது. முதல் தலைமுறை விண்மீன்கள் தங்கள் வாழ்நாளில் வெளியே தள்ளும் மாசுப் பொருள் அத்தலைமுறையின் மொத்த நிறையில் சில சதவீதம்தான். அதை வைத்துக்கொண்டு முதல் தலைமுறையைவிடப் பெரிய இரண்டாம் தலைமுறையை எப்படி உண்டாக்குவது? கொத்து ஆரம்பத்தில் பத்து மடங்குக்கும் மேல் பெரியதாக இருந்தது, முதல் தலைமுறையில் பெரும்பகுதி பிறகு சிதறிப் போய்விட்டது என்று சொல்லிப் பார்த்தார்கள். ஃபோர்னாக்ஸ் குறும் விண்மீன் மண்டலம் அதற்குக் குறுக்கே நின்றது. அங்கே இரும்பு மிகக் குறைந்த பழைய விண்மீன்களில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ இன்னும் அதன் கொத்துகளுக்குள்ளேயே இருக்கிறது என்று சோரன் லார்சனின் குழு 2012-இல் கணக்கிட்டது. சிதறிப் போனதாகச் சொல்லும் விண்மீன்கள் வெளியே இருந்தால்தானே? அந்த மண்டலத்தின் கொத்துகள் ஆரம்பத்தில் நான்கைந்து மடங்குக்கு மேல் பெரியதாக இருந்திருக்க வழியில்லை.

வயதும் ஒரு புதிராகவே இருக்கிறது. நம் பக்கத்து விண்மீன் மண்டலங்களான மெகல்லன் மேகங்களில் வயது குறைந்த கொத்துகள் உண்டு. ஏறக்குறைய 200 கோடி ஆண்டு வயதுள்ள என்ஜிசி 1978-இன் செம்பெருமீன்களில் நைட்ரஜன் வேறுபாடு இருக்கிறது. 150 கோடி ஆண்டு வயதுள்ள என்ஜிசி 419-இன் செம்பெருமீன்களில் தென்படவில்லை. அந்த இடைவெளியில் பிரபஞ்சத்தில் என்ன மாறியிருக்கும்? வயது குறைந்த கொத்தில் செம்பெருமீனாக இருப்பது கூடுதல் நிறையுள்ள விண்மீன் என்பதால், வேறுபாடு நிறையைச் சார்ந்ததாகவும் இருக்கலாம். 2022-இல் ஏறக்குறைய 150 கோடி ஆண்டு வயதுள்ள என்ஜிசி 1783-இன் மங்கலான முதன்மைத் தொடர் விண்மீன்களைப் பார்த்தபோது அங்கே நைட்ரஜன் வேறுபாட்டுக்கான அறிகுறி கிடைத்தது. செம்பெருமீன்களை மட்டும் பார்த்தால் போதாது என்ற பழைய பாடமே இங்கேயும்.

இந்த வேதியியல் கொத்துக்கு வெளியேயும் பயன்படத் தொடங்கிவிட்டது. பால்வழியின் ஒளிவட்டத்தில் தனியாகத் திரியும் பழைய செம்பெருமீன்களில் நூற்றுக்கு இரண்டு, மூன்று மட்டும் இரண்டாம் தலைமுறைக்கே உரிய நைட்ரஜன் மிகுதியோடு இருக்கின்றன. அவை கொத்துகளிலிருந்து பிரிந்து போனவை என்று கொள்வதே பொருத்தம். கரைந்து மறைந்த கொத்துகள் எத்தனை இருந்திருக்கும் என்பதை இவற்றை எண்ணி மதிப்பிடுகிறார்கள்.

2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எதிர்பாராத திசையிலிருந்து ஒரு செய்தி கொண்டுவந்தது. பெருவெடிப்புக்குப் பிறகு ஏறக்குறைய 43 கோடி ஆண்டில் இருந்த ஜிஎன்-இசட்11 என்ற விண்மீன் மண்டலத்தின் ஒளியில் நைட்ரஜன் கோடுகள் வலுவாக இருந்தன. ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் நைட்ரஜனின் பங்கு சூரியனில் உள்ளதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். அவ்வளவு இளம் பிரபஞ்சத்தில் அது வழக்கமாகக் கிடைக்காத விகிதம். கோளக் கொத்தின் இரண்டாம் தலைமுறையில் கிடைக்கும் விகிதம். கோரின் ஷார்போனெலும் உடன் பணிபுரிபவர்களும் அதை உருவாகிக்கொண்டிருக்கும் கொத்தின் நடுவில் உள்ள மாபெரும் விண்மீனின் கைவேலை என்று விளக்கினார்கள். வேறு விளக்கங்களும் வந்திருக்கின்றன. அவ்வளவு தொலைவிலிருந்து பெரும்பாலும் கிடைப்பது கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகள்தான். சோடியம், மெக்னீசியம், அலுமினியம், ஹீலியம் எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்துப் பார்க்க இன்னும் நம் பக்கத்துக் கொத்துகளுக்குத்தான் வர வேண்டும். அலுமினியம் இவ்வளவு ஏறினால் ஹீலியம் எவ்வளவு ஏற வேண்டும் என்று ஒவ்வொரு வேட்பாளரும் ஓர் எண்ணைத் தருகிறார். பல கொத்துகளில் அளந்த ஹீலியம் அந்த எண்களைவிடக் குறைவாகவே இருக்கிறது. இப்போது வேலை செய்பவர்கள் அடைக்கப் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான்.